நிஜத்தில் தனியார் துப்பறிவாளர் கொலை வழக்கைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அப்புறம் ஏன் படிக்கிறோம்?

ஜனவரி 9

ஒரு வாசகரின் கேள்வி, அப்படியே தருகிறேன்:

“நிஜ வாழ்க்கையில் தனியார் துப்பறிவாளரின் வேலை என்ன? கணவனையோ மனைவியையோ பின்தொடர்வது, காப்பீட்டு மோசடியைத் தோண்டுவது, காணாமல் போனவரைத் தேடுவது. கொலை நடந்துவிட்டால் போலீஸ் வரும், இவர் கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அப்படியானால் தனியார் துப்பறிவாளர் கொலையாளியைக் கண்டுபிடிக்கும் நாவல் அடிப்படையிலேயே பொய். பேய்க் கதையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதை மட்டும் எப்படி நம்பிப் படிக்கிறீர்கள்?”

தகவல் பெரும்பாலும் சரி. முடிவில்தான் எனக்குத் தகராறு. அவர் ஓட்டை என்று விரல் நீட்டும் இடத்தில்தான் இந்த வகை நாவலின் ருசி இருக்கிறது என்பது என் கட்சி. போலீஸ்காரர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். இவர் கேட்டால், “நீ யார்யா கேட்க?” என்று கதவைச் சாத்திவிடலாம். சாத்திய கதவை இவர் எப்படித் திறக்க வைக்கிறார் என்று பார்க்கத்தான் நான் பக்கம் புரட்டுகிறேன்.

ஜனவரி 10, காலை

நேற்று எழுதியது போதவில்லை.

போலீஸ் அதிகாரியிடம் வாரண்ட் இருக்கிறது, கைது செய்யும் உரிமை இருக்கிறது, ரத்தக் கறையைப் பரிசோதிக்க ஆய்வுக்கூடம் இருக்கிறது, தெரு முழுக்க வீடு வீடாக விசாரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். தனியாரிடம் ஒரு விசிட்டிங் கார்டும் ஒரு வாயும்தான். அந்த வாயை வைத்துக்கொண்டு அவர் புகழ வேண்டும், சீண்ட வேண்டும், தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டும், சில சமயம் பணத்தையும் நீட்ட வேண்டும். எதிரே இருப்பவரும் சும்மா இருப்பதில்லை. “உங்களை அனுப்பியது யார்? எவ்வளவு கொடுத்தார்கள்?” என்று அவரும் இவரைத் துருவுகிறார். ஒரே அறையில் இரண்டு விசாரணை நடக்கிறது. காவல் நிலையக் காட்சியில் இது கிடைப்பது அபூர்வம். யார் கேட்பவர், யார் பதில் சொல்பவர் என்பது அங்கே மேஜையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த பக்கங்களை எடுத்துப் பார்த்தால், பிணம் கிடைக்கும் பக்கம் அதில் இருக்காது, கொலையாளி சிக்கும் பக்கமும் இருக்காது. ஒரு வீட்டு வேலைக்காரம்மா, ஒரு விடுதிக் குமாஸ்தா, செத்தவனின் முதல் மனைவி என்று யாராவது ஒருவர் “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று ஆரம்பித்து, நாலு பக்கம் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிடும் இடங்கள்தான் இருக்கும்.

ஜனவரி 10, இரவு

உடனே வந்த எதிர்க்கேள்வி: “ஷெர்லக் ஹோம்ஸ்? லண்டன் போலீஸான ஸ்காட்லாந்து யார்டே அவர் வாசலில் வந்து நிற்கிறதே. அதிகாரம் இல்லாதவர் என்பது அவருக்கு எப்படிப் பொருந்தும்?”

நியாயமான இடி. ஹோம்ஸ், அகதா கிறிஸ்டியின் பாய்ரோ வகைக்குக் கதவுகள் தானாகவே திறக்கின்றன. அவர்கள் விஷயத்தில் என் வாதத்தை வேறு பக்கமாகத் திருப்ப வேண்டும். நாளைக்கு.

ஜனவரி 12

திருப்பிவிட்டேன்.

ஹோம்ஸ் கதைகள் 56, நாவல்கள் 4. அவற்றில் பல கதைகளில் கொலையே கிடையாது. செந்தலையர்களுக்குச் சங்கம் வைத்த கதையில் வங்கிக் கொள்ளை முயற்சி. பொஹீமிய அரசரின் கதையில் ஒரு புகைப்படம், அவ்வளவுதான். கொலை நடந்த கதைகளிலும் கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்: அவர் சிலரைப் பிடித்துக் கொடுப்பதில்லை. ஒரு கதையில் நண்பர் வாட்சனையே ஜூரியாக உட்கார வைத்து, குற்றவாளியை அந்த அறையிலேயே விடுதலை செய்து அனுப்புகிறார். நகைத் திருடன் ஒருவனைக் கதவைத் திறந்து “போ வெளியே” என்று விரட்டிவிடுகிறார்.

ஒரு இன்ஸ்பெக்டர் இதைச் செய்தால் அவர் வேலை போகும். தனியார் செய்யலாம். கைது செய்யும் அதிகாரம் இல்லாதவருக்குக் கைது செய்யாமல் விடும் சுதந்திரம் இருக்கிறது. கண்டுபிடிப்பது ஒரு வேலை, கண்டுபிடித்ததை என்ன செய்வது என்பது இன்னொரு வேலை. போலீஸ் நாவலில் இரண்டாவதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். இங்கே அது அந்த ஆளின் தலையில் விழுகிறது. கடைசி இருபது பக்கங்களில் நம் நெஞ்சு அடித்துக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். யார் செய்தார் என்று தெரிந்துவிட்டது, இந்த ஆள் இப்போது என்ன செய்யப்போகிறார்?

ஜனவரி 13

சம்பந்தம் இருப்பதால் கொஞ்சம் சரித்திரம்.

தனியார் துப்பறியும் நிறுவனத்தை முதன்முதலில் தொடங்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் பாரீஸின் விடோக், 1833இல். முன்னாள் குற்றவாளி. சிறை, தப்பித்தல், மாறுவேஷம் எல்லாம் பார்த்தவர், பிறகு போலீஸுக்கே துப்பறியும் பிரிவை நடத்திக் காட்டியவர், கடைசியில் சொந்தக் கடை. எட்கர் ஆலன் போ 1841இல் தன் துப்பறிவாளரைப் பாரீஸில் உலவவிட்டதுடன், அவர் வாயாலேயே விடோக்கை மட்டம் தட்டவும் செய்கிறார். அந்தப் புனைவு ஆள் போலீஸ்காரர் இல்லை, கூலிக்கு உழைப்பவரும் இல்லை. பகலில் ஜன்னலை அடைத்துக்கொண்டு மெழுகுவத்தியில் புத்தகம் படிப்பவர். ஆக, இந்த வகையின் முதல் ஆளே எந்தச் சீருடையும் இல்லாமல்தான் வந்திருக்கிறார்.

அமெரிக்காவில் ஆலன் பிங்கர்டன் 1850 வாக்கில் சிகாகோவில் நிறுவனம் தொடங்கினார். சின்னம் ஒரு திறந்த கண், கீழே “நாங்கள் தூங்குவதே இல்லை” என்ற வாசகம். அந்த நிறுவனத்தில் 1915இல் சேர்ந்து, நடுவில் போருக்குப் போய்வந்து, சில வருஷம் வேலை பார்த்தவர் நாவலாசிரியர் டாஷியல் ஹாமெட். பின்தொடர்வது எவ்வளவு சலிப்பான வேலை என்று உடம்பால் தெரிந்தவர். அதனால்தான் அவர் எழுத்தில் துப்பறிவாளர் காத்திருக்கிறார், சிகரெட் சுருட்டுகிறார், ஏமாறுகிறார். கேள்வி கேட்ட வாசகர் சொன்ன “நிஜ வேலை” முழுக்க அந்தப் பக்கங்களில் இருக்கிறது, நடுவில் ஒரு பிணமும் இருக்கிறது.

ஜனவரி 13, பிற்சேர்க்கை

மேலே “கூலிக்கு உழைப்பவரும் இல்லை” என்று போவின் ஆளைப் பற்றி எழுதியது முழுசாகச் சரியில்லை. கடிதம் திருட்டுப்போகும் கதையில் காசோலையை வாங்கிக்கொண்ட பிறகுதான் கடிதத்தை மேஜையிலிருந்து எடுத்து நீட்டுகிறார். சம்பளம் இந்த வகையோடு கூடவே பிறந்தது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஜனவரி 17

“சரி, கொலை எதற்கு? திருட்டு போதாதா?”

வேன் டைன் என்ற துப்பறியும் நாவலாசிரியர் 1928இல் துப்பறியும் கதைக்கு 20 விதிகள் எழுதினார். அதில் ஒன்று, பிணம் கட்டாயம் வேண்டும் என்பது. முந்நூறு பக்கம் படிக்கவைத்துவிட்டு அதைவிடச் சின்னக் குற்றத்தைக் கையில் கொடுத்தால் வாசகனின் உழைப்புக்கு மரியாதை இல்லை என்பது அவர் தரப்பு. வியாபாரி கணக்குப் போல இருந்தாலும் தப்பில்லை.

ஆனால் எனக்குப் படுவது வேறு. திருட்டில் பறிகொடுத்தவர் உயிரோடு இருக்கிறார், அவர் கதையை அவரே சொல்லிவிடுவார். கொலையில் முக்கியமான சாட்சியின் வாய் மூடிவிட்டது. அவர் எப்படிப்பட்டவர் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் நாம் அறிய வேண்டும். மனைவி சொல்லும் ஆளும் பார்ட்னர் சொல்லும் ஆளும் ஒரே ஆளாக இருப்பதில்லை. முதல் அத்தியாயத்தில் தரையில் கிடந்த ஒரு பெயர், முடிவதற்குள் நமக்கு நன்றாகத் தெரிந்த மனிதராகிவிடுகிறது. நல்ல கொலை நாவலில் செத்தவர்தான் மிக விரிவாக எழுதப்பட்ட பாத்திரம்.

அப்புறம் இன்னொரு நுட்பம். சந்தேகப் பட்டியலில் ஆறு பேர் என்றால் ஒருவர்தான் கொலையாளி, ஆனால் ஆறு பேருமே பொய் சொல்கிறார்கள். ஒருவர் கள்ளக் காதலை மறைக்கிறார், ஒருவர் கடனை, ஒருவர் தன் பழைய பெயரை. கொலை என்ற ஒரு கேள்வியைக் கேட்கப்போய் ஐந்து வேறு ரகசியங்கள் உடைகின்றன. கொலையோடு சம்பந்தமில்லாத அந்த ஐந்தும் சேர்ந்துதான் நாவல். அவற்றைச் சும்மா திசைதிருப்பல் என்று ஒதுக்குபவர்களுக்குச் சிறுகதை போதும்.

ஜனவரி 18

நேற்றைய கடைசி வரி கொஞ்சம் திமிர். இருக்கட்டும்.

ஜனவரி 21

முடிவு தெரிந்தால் சுவை போய்விடுமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டதால் இது.

ஒருமுறை நூலகத்தில் எடுத்த நாவலில், நாற்பதாவது பக்கத்துக்குப் பக்கத்தில், ஓரமாக, பென்சிலில், ஒரு பாத்திரத்தின் பெயருக்கு அம்புக்குறி போட்டு “இவன்தான்” என்று எழுதியிருந்தது. எந்தப் புண்ணியவான் என்று தெரியவில்லை. முதலில் மூடி வைத்துவிட்டேன். பிறகு வேறு புத்தகம் இல்லாததால் தொடர்ந்தேன். தெரிந்துகொண்டு படிப்பதில் ஒரு தனி விறுவிறுப்பு இருந்தது. அந்த ஆள் வரும் ஒவ்வொரு காட்சியிலும், இவர் இப்போது எதை மறைக்கிறார், ஆசிரியர் எந்த வார்த்தையில் ஒளித்து வைத்திருக்கிறார் என்று தேட ஆரம்பித்தேன். அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தால்கூட எனக்கு அது தடயம். கடைசியில் பார்த்தால் அவர் கொலையாளி இல்லை! எழுதி வைத்தவர் பாதியில் ஊகித்துவிட்டு அந்தத் தெம்பில் பென்சிலை எடுத்திருக்கிறார். முன்னூறு பக்கம் ஒரு அப்பாவியை நான் கொலைகாரப் பார்வை பார்த்திருக்கிறேன்.

இந்த அனுபவத்தை வைத்துப் பெரிய தத்துவம் எதுவும் சொல்லப்போவதில்லை. முடிவு தெரிந்தாலும், தெரியும் என்று தப்பாக நினைத்தாலும், பேச்சுக் காட்சிகள் நன்றாக இருந்தால் நாவல் ஓடுகிறது. அவை மோசமாக இருந்தால் எந்தத் திருப்பமும் காப்பாற்றாது. பென்சில்காரருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: அடுத்த தடவை முழுசாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

ஜனவரி 22

மேலே சொன்னதற்கு நல்ல சாட்சி ரேமண்ட் சாண்ட்லரின் முதல் நாவல் ‘தி பிக் ஸ்லீப்’, 1939. அதில் ஒரு கார் டிரைவர் காரோடு கடலில் கிடக்கிறார். அவரை யார் கொன்றார்கள்? அது கொலைதானா? படம் எடுத்தவர்கள் குழம்பிப்போய் ஆசிரியருக்கே தந்தி அடித்துக் கேட்க, தனக்கும் தெரியாது என்றிருக்கிறார். முன்பு பத்திரிகையில் எழுதிய தன் கதைகளையே வெட்டி ஒட்டி நாவலாக்கியவர் அவர், தையல் விட்டுப்போனதில் ஆச்சரியமில்லை. அந்த ஓட்டையோடுதான் அது இன்றும் அச்சில் இருக்கிறது. படித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த டிரைவர் ஞாபகத்திலேயே இருக்க மாட்டார். மழையில் காத்திருந்து ஒரு வீட்டை வேவு பார்க்கும் அந்தத் துப்பறிவாளரை மறந்தவர் யாரும் இருக்க முடியாது.

ஜனவரி 25

சம்பளம் பற்றி எழுதுவதாகச் சொன்னேன்.

சாண்ட்லரின் துப்பறிவாளர் மார்லோ ஒரு நாளைக்கு 25 டாலரும் செலவுத் தொகையும் கேட்பவர். அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்து, மேலிடத்துக்குப் பணியாததால் வெளியே வந்தவர். இந்த 25 டாலர் ஏன் முக்கியம்? பணம் வாங்கிவிட்டதால் அவர் ஒருவருக்குக் கடமைப்பட்டிருக்கிறார். அந்த ஒருவரோ, இந்த வகை நாவலில், பெரும்பாலும் பொய் சொல்பவர். “என் தங்கையைக் காணோம்” என்று வந்து உட்கார்ந்த பெண்ணுக்குத் தங்கையே இருக்க மாட்டாள். அப்போது துப்பறிவாளருக்கு இரண்டு வழக்கு: வந்தவர் கொடுத்த வழக்கு, வந்தவரே ஒரு வழக்கு.

அடுத்து நடப்பதுதான் எனக்கு எப்போதும் பிடிக்கும். நடுவில் எங்கேயோ அந்த கிளையண்ட் திரும்பி வந்து, “போதும், நிறுத்திக்கொள்ளுங்கள், உங்கள் கணக்கை முடித்துவிடுகிறேன்” என்பார். சில சமயம் கேட்டதற்கு மேலேயே கொடுப்பார். இவர் நிறுத்த மாட்டார். போலீஸ்காரருக்குத் தொடர்ந்து விசாரிக்க மேலதிகாரி உத்தரவு இருக்கிறது. இவருக்கு அந்த நிமிஷத்திலிருந்து யாருடைய உத்தரவும் இல்லை, பணமும் இல்லை, அடிபட்ட விலா எலும்பு மட்டும் இருக்கிறது. ஏன் தொடர்கிறார் என்று நல்ல ஆசிரியர்கள் விளக்குவதில்லை. மோசமான ஆசிரியர்கள் அந்த இடத்தில் சிறுவயதில் இறந்துபோன ஒரு தம்பியைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

ஜனவரி 26

“தமிழில்?” என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள், துப்பறிவாளர்கள் இல்லை. வக்கீல் என்பதால் கேள்வி கேட்க ஒரு நியாயம் கையில் இருக்கிறது, கதவு பாதி திறந்தே இருக்கிறது. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேன்–வைஜ் ஜோடிகள் நிறுவனமே நடத்துபவர்கள், நான் சொல்லும் வகைக்கு மிக அருகில் வருபவர்கள். தேவனின் சாம்பு தனி இனம். வங்கிக் குமாஸ்தா, அதிகாரமும் இல்லை, பல சமயம் தான் என்ன கண்டுபிடித்தோம் என்பதும் தெரியாது. என் வாதத்தை யாராவது கிண்டல் செய்ய நினைத்தால் அவரைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

ஜனவரி 30

நானே ஒன்று எழுதிப் பார்த்த கதை.

இன்றைய காலத்தில் நடப்பதாக ஆரம்பித்தேன். பிணம் விழுந்தது. தனியார் துப்பறிவாளர் வந்தார். அவர் கேட்க வேண்டிய அத்தனை கேள்விக்கும் பதில் போலீஸிடம் இருந்தது: அன்று இரவு யார் யாருடன் பேசினார், யாருடைய போன் எந்தக் கோபுரத்துக்குக் கீழே இருந்தது, தெருமுனைக் கேமராவில் எந்த வண்டி போயிற்று. நான் ஆளை அனுப்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் போலீஸ் முன்பே போய்விட்டு வந்திருந்தது. கேமரா பழுது என்று எழுதினேன். பிறகு போன் தண்ணீரில் விழுந்தது என்று எழுதினேன். அப்புறம் மின்தடை. ஊரில் எதுவுமே வேலை செய்யாத ஒரு இரவாகிவிட்டது.

பலர் கதையை எழுபதுகளுக்கோ அதற்கு முன்போ தள்ளிவைப்பது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. வேறொரு வழியும் இருக்கிறது, அதுதான் சாமர்த்தியம்: போலீஸ் தற்கொலை என்று முடித்துவிட்ட சாவு, யாரோ ஒருவர் ஏற்கெனவே தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கும் வழக்கு, இருபது வருஷம் பழைய மரணம். கோப்பு மூடிவிட்டது. கருவிகள் எல்லாம் வேறு வழக்குக்குப் போய்விட்டன. நம்ப மறுக்கும் ஒரு தாயோ மகளோ மிச்சம் இருக்கிறார். அவர் படியேறி வந்து இவர் கதவைத் தட்டுகிறார். முதல் வாசகரின் ஆட்சேபம் இங்கே கரைந்துவிடுகிறது, ஏனென்றால் நிஜத்திலும் இப்படிப்பட்ட குடும்பங்கள் தனியாரிடம் போகத்தான் செய்கின்றன.

பிப்ரவரி 2

ஏமாற்று வேலை பற்றி ஒரு புலம்பல்.

ரொனால்ட் நாக்ஸ் 1929இல் பத்துக் கட்டளைகள் எழுதினார். பாதிரியார், கொலைக் கதைக்குக் கட்டளை எழுதியவர், எண்ணிக்கையும் பத்து. மனுஷன் ரசித்துத்தான் செய்திருக்க வேண்டும். குற்றவாளி ஆரம்பத்திலேயே கதைக்குள் வந்துவிட வேண்டும், அமானுஷ்யம் கூடாது, ரகசிய அறை ஒன்றுக்கு மேல் கூடாது, யாரும் கேள்விப்படாத விஷம் கூடாது, தடயம் கிடைத்தால் உடனே வாசகனுக்கும் காட்ட வேண்டும். துப்பறிவாளரின் நண்பர் வாசகனைவிட ஒரு மயிரிழை மந்தமாக இருக்க வேண்டும் என்பதும் உண்டு. நமக்குத் தெம்பு வரட்டும் என்று.

தன்மையில் சொல்லப்படும் கதைகள் அந்தத் தடய விதியைத்தான் நோகாமல் மீறுகின்றன. துப்பறிவாளரே “நான்” என்று சொல்லிக்கொண்டு வருகிறார். அவர் பார்த்தது எல்லாம் நான் பார்க்கிறேன். கடைசிக்கு மூன்று அத்தியாயம் முன்னால், “போனை எடுத்து ஒரு எண்ணைச் சுழற்றினேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன். பதில் நான் நினைத்தபடியே இருந்தது.” என்ன கேட்டாய், என்ன பதில்? இத்தனை பக்கம் உன் தலைவலி முதல் உன் சட்டைப் பொத்தான் வரை என்னிடம் சொன்னவன், இதை மட்டும் ஏன் விழுங்கினாய்? அந்த வரி வந்தால் புத்தகத்தை இரண்டு நாள் தள்ளி வைப்பேன். பிறகு எடுத்துப் படித்துவிடுவேன், அது வேறு விஷயம்.

பிப்ரவரி 5

எல்லாம் ஆண்களாகவே எழுதிக்கொண்டு போகிறீர்கள் என்று ஒருவர். சரிதான்.

பிங்கர்டன் நிறுவனத்தில் கேட் வார்ன் என்ற பெண் 1856இலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஆண்கள் நுழைய முடியாத இடங்களில் பெண் நுழைந்து விஷயத்தைக் கறந்துவிடுவாள் என்பது அவர் முன்வைத்த வாதமாம். 1861இல் லிங்கனை ரயிலில் பத்திரமாக அழைத்துப்போன குழுவில் அவரும் இருந்தார், உடல்நலமில்லாத சகோதரரைக் கூட்டிப்போகும் பெண்ணாக நடித்து. நாவல்களிலும் பெண் துப்பறிவாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. ஆனால் லைசென்ஸ் வாங்கி, அலுவலகம் வைத்து, அடி வாங்கி, தன் வாயால் கதை சொல்லும் பெண் பரவலாக வர 1970கள் ஆயின. 1977இல் மார்சியா முல்லர், பிறகு 1982 என்ற ஒரே வருஷத்தில் சாரா பாரெட்ஸ்கி, சூ கிராஃப்டன் இருவரின் முதல் நாவல்களும்.

என் வாதம் இவர்களிடம் இன்னும் கூர்மையாகிறது. “நீ யார் கேட்க?” என்ற கேள்வி அவர்களுக்கு இரண்டு மடங்காக வருகிறது. கார்டை நீட்டியும் “முதலாளி எங்கே?” என்பார்கள்.

பிப்ரவரி 9

கடைசியாக அந்தக் கூடக் காட்சி. எல்லோரையும் ஒரு அறையில் கூட்டி, துப்பறிவாளர் இருபது பக்கம் பேசுவது. கொலையாளி அத்தனை நேரமும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பது. கிண்டல் பண்ணாதவர்கள் இல்லை.

நானும் பண்ணியிருக்கிறேன். இந்த இழையை எழுதிக்கொண்டு வந்ததில் அது கொஞ்சம் மாறியது. ஒரு தனியார் ஆள் கூப்பிடுகிறார். யாரும் வர வேண்டிய அவசியமில்லை, சட்டமும் இல்லை. அப்பாவிகள் வருவது ஆர்வத்தால். கொலையாளி வருவது, வராவிட்டால் மற்ற ஐந்து பேரும் தன் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதால். அழைப்புக்குப் பின்னால் அதிகாரம் இல்லாததால்தான் அது பொறியாகிறது. சம்மன் வந்திருந்தால் வக்கீலை அனுப்பியிருப்பார்.

இருபது பக்கம் பேசுவதற்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை.

பிப்ரவரி 10

“கொலையாளி வராமலே இருந்துவிட்டால்?” என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. ஐந்து பேர் மட்டும் வந்து, தேநீர் குடித்துவிட்டு, துப்பறிவாளரைத் திட்டிவிட்டுப் போகும் நாவல். நான் படித்ததில்லை. யாராவது படித்திருந்தால் பெயரை மட்டும் சொல்லுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள்.